ஷிங்கிள் கூரையில் பாசி: பிய்க்காமல் போக்குவது எப்படி

சியாட்டில், போர்ட்லண்ட், வான்கூவர் பக்கம் புதிதாக வீடு வாங்கியவர்கள் முதல் வருஷம் கூரையை அண்ணாந்து பார்ப்பதே இல்லை. இரண்டாவது மழைக்காலம் முடியும்போது வடக்குச் சரிவு பச்சைப் பசேலென்று ஆகியிருக்கும். அதற்குள் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தோ குடியிருப்போர் சங்கத்திடமிருந்தோ ஒரு கடிதம் வந்தால் பதற்றம் தொற்றிக்கொள்ளும். அந்தப் பதற்றத்தில் எல்லாரும் செய்வது, நீரை அதிவேகமாகப் பீய்ச்சும் பிரஷர் வாஷரை வாடகைக்கு எடுத்து வந்து அடிப்பது. பாசி அரை மணியில் போய்விடும். கூடவே, கூரையை மூடியிருக்கும் தார் அட்டையான ஷிங்கிளின் மேல் பதிந்திருக்கும் கல்துகளும் பெயர்ந்து, கூரை விளிம்பில் மழைநீரைப் பிடிக்கும் கட்டருக்குள் போய்விடும். அந்தத் துகள்தான் அடியில் இருக்கும் தாரை வெயிலிலிருந்து காப்பாற்றுகிறது. அது போன இடத்தில் தார் காய்ந்து வெடிக்கும். இன்னும் பத்து வருஷம் நிற்க வேண்டிய கூரை அதற்கு முன்பே ஒழுக ஆரம்பிக்கும்.

முதலில் பிளீச் கலவையை மருந்தாக அடித்துப் பாசியைச் சாகடிக்க வேண்டும். பிறகு அது தானாகப் பிடி விடும்வரை காத்திருக்க வேண்டும். மிச்சத்தை மழையும் மென்மையான துடைப்பமும் பார்த்துக்கொள்ளும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த வரிசையைக் கெடுக்காமல் இருப்பதற்காகத்தான்.

இங்கே சொல்வதெல்லாம் அஸ்ஃபால்ட், அதாவது தார், ஷிங்கிளுக்கு மட்டும். உங்கள் கூரை சீடர் மரப்பலகையாக இருந்தால் இந்த பிளீச் முறையைத் தொடவேண்டாம், மரநார் கெட்டுவிடும்.

1. எது வளர்ந்திருக்கிறது என்று பாருங்கள்

தமிழில் எல்லாவற்றையும் பாசி என்றே சொல்லிவிடுகிறோம். கூரையில் வருவது மூன்று வகை. மூன்றுக்கும் ஆகும் காலமும் சேதமும் வேறுவேறு.

கறுப்புக் கோடுகள்: முகட்டிலிருந்து கீழ்நோக்கி, மை வழிந்தது போல நீளமாக இறங்கும். பலர் இதைப் புகைக்கரி என்றோ, ஷிங்கிள் சாயம் போய்விட்டது என்றோ நினைக்கிறார்கள். இது க்ளியோகாப்ஸா மாக்மா என்ற நீலப்பச்சை நுண்ணுயிர். ஷிங்கிளின் தாரில் கலந்திருக்கும் சுண்ணாம்புக்கல் தூள்தான் இதற்குத் தீனி. வெயிலைத் தாங்க தன்னைச் சுற்றிக் கருப்பாக ஓர் உறை கட்டிக்கொள்கிறது, கண்ணுக்குத் தெரிவது அந்த உறைதான். பார்க்க அசிங்கமே தவிர, கூரையை உடனே கெடுக்காது. அட்லாண்டா, ஹூஸ்டன் போன்ற புழுக்கமான ஊர்களில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இது மட்டும்தான் இருக்கும். அவர்கள் 7-ஆம் படியின் முதல் பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பச்சைப் பாசி: மெத்தை மெத்தையாக வளர்வது. ஷிங்கிள்களுக்கு இடையேயுள்ள பிளவுகளிலும் அவற்றின் கீழ் விளிம்பிலும்தான் முதலில் பிடிக்கும், ஏனென்றால் அங்கேதான் ஈரமும் தூசியும் தங்கும். இதற்கு வேர் கிடையாது. ஒரு கொத்தைக் கிள்ளித் திருப்பிப் பாருங்கள்: அடியில் முடி போல மெல்லிய பழுப்பு இழைகள், அவற்றோடு ஒட்டிக்கொண்டு மிளகுத்தூள் தூவியது போலக் கல்துகள். உயிரோடு பிய்த்தால் கூரை எதை இழக்கிறது என்பது அந்தக் கொத்தின் அடியிலேயே தெரிந்துவிடும். மூன்றில் உண்மையான ஆபத்து இதுதான். பஞ்சு போல நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வளர வளர ஷிங்கிளின் விளிம்பை மேலே நெம்பும். நெம்பிய இடைவெளி வழியாக மழைநீர் அடியில் போகும், காற்று ஷிங்கிளைப் பிடித்துத் தூக்கும். உறைபனி நாளில் உள்ளே நிற்கும் நீர் விரிந்து இன்னும் தூக்கும்.

லைக்கன்: சாம்பல், வெளிர் பச்சை அல்லது மஞ்சள் நிறத்தில், நாணயம் அளவுக்கு வட்ட வட்டமாகத் தட்டையாக ஒட்டியிருக்கும். நம் வீட்டில் பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் போடும் கல்பாசி இந்தக் குடும்பம்தான், ஆகவே பார்த்தவுடன் அடையாளம் தெரியும். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர் இது. பூஞ்சையின் இழைகள் துகள்களுக்கு இடையே இறங்கிப் பிடித்திருப்பதால், மூன்றில் பிடிவாதமானது இதுவே. சுரண்டினால் துகளோடுதான் வரும்.

ஒரே சரிவில் மூன்றும் இருக்கலாம். அப்படியானால் பச்சைப் பாசிக்கான முறையைப் பின்பற்றுங்கள், மற்ற இரண்டும் அதிலேயே அடங்கும்.

2. கூரைக்கு ஆயுள் மிச்சம் இருக்கிறதா?

சுத்தம் செய்யச் செலவழிக்கும் முன் இதைத் தீர்மானியுங்கள். கீழே நின்றபடி பைனாகுலரில் பார்த்தாலே போதும். ஷிங்கிளின் ஓரங்கள் சுருண்டு மேலே திரும்பியிருக்கிறதா? துகள் உதிர்ந்து கறுப்பாக வழுக்கை விழுந்த இடங்கள் உண்டா? மழைநீர்க் குழாய் தரையில் கொட்டும் இடத்தில் கரடுமுரடான மணல் குவிந்திருக்கிறதா? வீட்டுக்குள் கூரைக்கு அடியிலுள்ள அட்டிக்கில் ஏறி, பலகையின் அடிப்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள்: ஆணிகளைச் சுற்றிக் கறை, கையால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கும் பலகை இருக்கிறதா?

கூரைக்கு வயது 20-ஐத் தாண்டி, இவற்றில் இரண்டு மூன்று இருந்தால், பாசியை எடுப்பதே அதற்குக் கடைசி அடியாகிவிடலாம். அந்தப் பணத்தைப் புதுக்கூரைக்கு ஒதுக்குங்கள். புதிதாகப் போடும்போது, செம்பு கலந்த துகள் பதித்த பாசி எதிர்ப்பு ஷிங்கிள் வேண்டும் என்று மதிப்பீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

3. காகிதங்களை எடுத்து வையுங்கள்

ஏணியை எடுப்பதற்கு முன் நான்கு காகிதங்களைத் தேடுங்கள்.

ஷிங்கிள் உத்தரவாதப் பத்திரம். வீடு வாங்கியபோது கையெழுத்திட்ட காகிதக் கட்டுக்குள் இருக்கலாம். இல்லையென்றால் விற்றவர் கொடுத்த விவரப் படிவத்தில் கூரை போட்ட வருஷமும் ஒப்பந்ததாரர் பெயரும் இருக்கலாம். இதில் இரண்டு இடங்களைப் படியுங்கள். ஒன்று, பாசிக்கறைக்கான உத்தரவாதம். அது பெரும்பாலும் கறுப்புக் கோட்டுக்கு மட்டும்தான், பச்சைப் பாசியும் லைக்கனும் அதில் வராது. இரண்டு, பிரஷர் வாஷர் பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது என்ற வரி.

வீட்டு ஆய்வு அறிக்கை. வாங்கும்போது ஆய்வாளர் கூரையைப் படம் எடுத்திருப்பார். ‘முன்பு எப்படி இருந்தது’ என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

காப்பீட்டுக் கடிதம் வந்திருந்தால் அது. இப்போது நிறுவனங்கள் வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தே ‘கூரையில் பாசி, சரிசெய்யாவிட்டால் புதுப்பிக்க மாட்டோம்’ என்று எழுதுகின்றன. கடிதத்தில் கெடு தேதி இருக்கும். அந்தத் தேதிக்குள் பாசி உதிர்ந்து சுத்தமாகாது, இதுதான் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம். ஆகவே கடிதம் வந்த வாரமே முகவரைக் கூப்பிட்டு, மருந்து அடித்த தேதியிட்ட படமும் ரசீதும் போதுமா, கூடுதல் அவகாசம் கிடைக்குமா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: பாசியால் கூரை ஒழுகினால் ‘பராமரிக்கவில்லை’ என்று சொல்லி இழப்பீட்டை மறுப்பது வழக்கம்.

நான்காவது, குடியிருப்போர் சங்க விதிகள். வேலை செய்யலாமா என்பதில் பிரச்சினை வராது. முகட்டில் உலோகப் பட்டை பதிப்பதற்குத்தான் சில சங்கங்கள் முன் அனுமதி கேட்கும்.

4. நாளைத் தேர்ந்தெடுப்பது

சியாட்டில், போர்ட்லண்ட், வான்கூவர் இருக்கும் பசிபிக் வடமேற்கில் அக்டோபரிலிருந்து மே வரை பாசி வளரும், ஜூலை ஆகஸ்டில் காய்ந்து உறங்கும். காய்ந்து சுருண்டு கிடக்கும் பாசி மருந்தைச் சரியாக உறிஞ்சாது. அதனால் மருந்துக்கு ஏற்ற காலம் இரண்டு: செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை, அல்லது மார்ச் ஏப்ரல். இலையுதிர்காலத்தில் அடிப்பதே மேல். பின்னால் வரும் ஐந்தாறு மாத மழை செத்த பாசியைக் கூலி வாங்காமல் கழுவிக்கொண்டு போகும்.

நாளுக்குள் நேரமும் முக்கியம். மேகமூட்டம், காற்றில்லாத காலை, கூரை நனையாமல் இருக்க வேண்டும், அடுத்த சில மணி நேரத்துக்கு மழை கூடாது. வெயில் அடித்தால் மருந்து வேலை செய்யுமுன் காய்ந்துவிடும். காற்று அடித்தால் பக்கத்து வீட்டுக்காரரின் செடிகளுக்குப் போகும். 80 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போனால் ஷிங்கிள் இளகி, மிதித்த இடமெல்லாம் துகள் உரியும். குளிர் அதிகமானால் ஷிங்கிள் விறைத்து ஒடியும். 50-லிருந்து 70 வரை இருக்கும் நாள் உத்தமம்.

5. அளவும் செலவும்

எவ்வளவு மருந்து வேண்டும் என்று கணக்குப் போடாமல் கடைக்குப் போகாதீர்கள். பாதியில் தீர்ந்துபோய் மறுபடி ஓடினால், அதற்குள் முன்பு அடித்தது காய்ந்திருக்கும்.

இறவாரத்தையும் சேர்த்து வீட்டின் நீள அகலத்தைத் தரையிலிருந்தே அளந்துகொள்ளுங்கள். 50 அடிக்கு 30 அடி என்றால் 1,500 சதுர அடி. கூரை சாய்ந்திருப்பதால் உண்மைப் பரப்பு இதைவிட அதிகம். 12 அங்குலத்துக்கு 4 அங்குலம் உயரும் சரிவானால் 1.054-ஆல் பெருக்குங்கள், 6 அங்குலமானால் 1.118, 8 அங்குலமானால் 1.202. நம் உதாரணத்தில் 6 அங்குலச் சரிவு: 1,500 × 1.118 = 1,677. பாசி பிடித்தது வடக்குப் பாதி மட்டும் என்றால் ஏறக்குறைய 840 சதுர அடி.

100 சதுர அடிக்கு ஒரு கேலன் கலவை என்று வைத்துக்கொண்டால் 8.4 கேலன். அதில் பாதி, 4.2 கேலன், பிளீச். கடையில் ‘ஒரு கேலன்’ போலத் தெரியும் குடுவை பலவற்றில் 121 அவுன்ஸ்தான் இருக்கும், கேலன் என்பது 128. ஆக ஐந்து குடுவை வாங்க வேண்டும். ‘ஸ்பிளாஷ்லெஸ்’ என்று எழுதியதை எடுக்காதீர்கள். அது கெட்டியாக்கப்பட்டு, வீரியம் குறைக்கப்பட்டது. வாசனை சேர்க்காத, துணிக்கான சாதாரண பிளீச்தான் வேண்டும். பிளீச் வைக்க வைக்க வலுவிழக்கும் என்பதால் காராஜில் போன வருஷத்திலிருந்து கிடப்பதை நம்பாதீர்கள்.

நீங்களே செய்தால் ஆகும் செலவு, ஊருக்கு ஊர் முன்பின்னாக: பிளீச் 30-லிருந்து 40 டாலர், 2 கேலன் பிளாஸ்டிக் ஸ்ப்ரேயர் 25-லிருந்து 50, பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, பழைய முழுக்கை உடைகள் போக பாதுகாப்புக் கயிறும் உடலில் மாட்டும் பட்டையான ஹார்னஸும் சேர்ந்த பெட்டி 80-லிருந்து 150. ஹார்னஸ் வாங்கும் காசை மிச்சம் பிடிக்க நினைத்தால் இந்த வேலையை ஆள் வைத்தே செய்யுங்கள்.

6. ஏறுவதற்கு முன்

ஒரு மாடிக்கு மேல் உயரமுள்ள வீடு, 6 அங்குலத்துக்கு மேல் செங்குத்தான சரிவு, அல்லது ஏற்கெனவே பாசி தடித்து வழுக்கும் கூரை: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஏறாதீர்கள். நனைந்த பாசி மீது எந்தச் செருப்பும் நிற்காது. பிளீச் பட்ட ஷிங்கிள் அதைவிட வழுக்கும். நீளக்குழாய் வைத்த ஸ்ப்ரேயரால் ஏணியில் நின்றபடியே கீழ்ப்பகுதியை அடித்துவிட முடியும். மேல்பகுதிக்கு ஆளைக் கூப்பிடலாம்.

ஏறுவதானால்: ஏணி நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி வெளியே தள்ளி நிற்கட்டும், அதன் தலை கூரை விளிம்பைத் தாண்டி மூன்று அடி மேலே நீட்டியிருக்கட்டும். அலுமினியக் கட்டர் மீது ஏணியைச் சாய்த்தால் நசுங்கும், ஏணித் தாங்கி ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். ஹார்னஸின் நங்கூரத்தை முகட்டில் ஷிங்கிளுக்கு அடியிலுள்ள மரச்சட்டத்தில் திருகுங்கள். வெறும் பலகையில் திருகினால் ஆளின் பாரத்தைத் தாங்காது. மின்கம்பிக்குப் பத்து அடிக்குள் ஏணியைக் கொண்டுபோகவே கூடாது. கீழே ஓர் ஆள் நிற்க வேண்டும், அவர் கையில் தண்ணீர்க் குழாய்.

அந்தக் குழாய் செடிகளுக்கு. மருந்து அடிக்குமுன் வீட்டைச் சுற்றியுள்ள செடி, புல் எல்லாவற்றையும் சொட்டச் சொட்ட நனையுங்கள். ஏற்கெனவே நீர் குடித்த இலையும் மண்ணும் பிளீச்சை அதிகம் இழுக்காது. அடிக்கும்போதும், முடிந்த பிறகும் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கறிவேப்பிலை, மல்லிகை எனத் தொட்டியில் இருப்பதையெல்லாம் முந்தின நாளே தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிடுங்கள். மழைநீர் பிடிக்கும் பீப்பாய் இருந்தால் குழாயைக் கழற்றிவிட்டு, அடுத்த பல மழைகளுக்குத் திரும்ப மாட்டாதீர்கள். அந்த நீரைக் காய்கறிக்கு ஊற்றக்கூடாது.

இலை, சுள்ளி, ஊசியிலை எல்லாவற்றையும் லீஃப் புளோயரால் முகட்டிலிருந்து கீழ்நோக்கி ஊதித் தள்ளி, கட்டரையும் காலி செய்யுங்கள். குப்பை இருக்கும் இடத்தில் மருந்து பாசியைத் தொடாது.

7. மருந்து அடிப்பது

கறுப்புக் கோட்டுக்கு: பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. அமெரிக்காவின் அஸ்ஃபால்ட் கூரைத் தயாரிப்பாளர் சங்கம் பரிந்துரைக்கும் கலவை இதுதான். ஏணியிலிருந்து தூரமான மூலையில் தொடங்கி, பத்துக்குப் பத்து அடிப் பகுதியாக அடித்துக்கொண்டே ஏணியை நோக்கி வாருங்கள். அப்போதுதான் எப்போதும் காய்ந்த இடத்தில் நிற்பீர்கள். 15-லிருந்து 20 நிமிடம் ஊறட்டும். அதற்குள் காயத் தொடங்கினால் இன்னொரு முறை லேசாகத் தெளியுங்கள். கோடுகள் கண்ணெதிரே வெளிறும். பிறகு தோட்டக்குழாயால் சாதாரண அழுத்தத்தில், முகட்டிலிருந்து கீழ்நோக்கி மட்டும், நன்றாக அலசுங்கள். கீழிருந்து மேல்நோக்கிப் பீய்ச்சினால் நீர் ஷிங்கிளுக்கு அடியில் புகும். கட்டரையும் புகைபோக்கியைச் சுற்றியுள்ள தகடுகளையும் கூடுதலாக அலச வேண்டும், பிளீச் தங்கினால் உலோகம் அரிக்கும்.

பிளீச்சோடு வேறு எதையும் கலக்காதீர்கள். வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அம்மோனியா உள்ள சோப்புத் திரவம் சேர்ந்தாலும் நச்சு வாயுதான். வேறு மருந்து வைத்திருந்த ஸ்ப்ரேயரில் ஊற்றுவதும் கலப்பதற்குச் சமம்.

பச்சைப் பாசிக்கு: இதே கலவை, இதே நேரம், இதே அலசல். கொத்து தடிமனாக இருந்தால் மேலே மட்டும் வெளுத்து உள்ளே பச்சையாக இருக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை அடிக்க வேண்டிவரும். அடித்த அன்றே பாசி போகாது. வெள்ளையாகவோ பழுப்பாகவோ மாறி அங்கேயே உட்கார்ந்திருக்கும். ‘வேலை செய்யவில்லை’ என்று நினைத்து அன்று மாலையே சுரண்டுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

பிளீச் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு மூன்று வழி உண்டு. துத்தநாக சல்பேட் பொடி: தூவலாம், கரைத்தும் அடிக்கலாம், ஈரப்பாசியில் நன்றாக வேலை செய்யும். பொட்டாசியம் சோப்பு வகை: மெல்ல வேலை செய்யும், உலோகத்தை அரிக்காது. வெட் அண்ட் ஃபர்கெட் போன்ற, குவாட் எனப்படும் அம்மோனியச் சேர்ம வகை: ஒரு பங்குக்கு ஐந்து பங்கு நீர், அடித்துவிட்டு அலசாமல் விட்டுவிட வேண்டும், மாதக்கணக்கில் மெதுவாகச் சாகும். எதை வாங்கினாலும் ‘கூரைக்கு’ என்று உறையில் அச்சிட்டிருக்க வேண்டும். புல்வெளிப் பாசிக்கு விற்கும் இரும்பு சல்பேட்டை எடுத்து வந்துவிடாதீர்கள், கூரையும் சிமெண்ட் நடைபாதையும் துருக்கறை பிடித்துவிடும், அது போகவே போகாது. சமையல் உப்பு தூவுவதும் வேண்டாம். தகடுகள் அரிக்கும், கீழே செடிகள் கருகும்.

வீட்டுக்குப் பின்னால் ஓடை போகிறது, அல்லது கட்டர் நீர் தெருவிலுள்ள மழைநீர் வடிகாலுக்குப் போகிறது என்றால் துத்தநாகத்தையும் செம்பையும் தவிர்த்துவிடுங்கள். இந்தப் பகுதியில் பல தெருக்களின் வடிகால் சுத்திகரிக்கப்படாமல் நேரே ஓடைக்குப் போகிறது. இரண்டு உலோகமும் மீனுக்கு விஷம். செம்பு மிகச் சிறிய அளவிலேயே சால்மன் மீன் குஞ்சுகளின் மோப்ப சக்தியைக் கெடுக்கிறது, மோப்பம் போன மீனுக்கு ஆபத்து தெரியாது. பிளீச் அடிக்கும்போதும் குழாயின் வாயை வடிகாலிலிருந்து திருப்பி, சரளைக்கல் மீது விட்டு நிறையத் தண்ணீரால் நீர்க்க வையுங்கள்.

லைக்கனுக்கு: கலவை அதேதான், பொறுமைதான் கூடுதலாக வேண்டும். இரண்டு மூன்று முறை அடிக்க நேரலாம். செத்த பிறகும் மாதங்கள் ஒட்டியிருந்து, வெளிறி, ஓரம் சுருண்டு உதிரும். உதிர்ந்த இடத்தில் வட்டத் தழும்பு தெரியும். தழும்பைப் போக்க முயலாதீர்கள்.

8. காத்திருந்து எடுப்பது

மருந்து அடித்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, காய்ந்த ஒரு நாளில், கொத்து ஒன்றை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். எதிர்ப்பில்லாமல் உருண்டு வந்தால், அடியில் துகள் ஒட்டாமல் வந்தால், எடுக்கும் நேரம் வந்துவிட்டது. துகளோடு வந்தால் இன்னும் விடுங்கள்.

எடுக்க மென்மையான நார் வைத்த நீளக்கைத் துடைப்பம் போதும். கம்பி பிரஷ் வேண்டாம். துடைப்பத்தை முகட்டிலிருந்து இறவாரம் நோக்கி மட்டும் இழுங்கள். மேல்நோக்கித் தள்ளினால் ஒவ்வொரு ஷிங்கிளின் நுனியும் தூக்கும், அதன் அடியில் ஷிங்கிளை ஒட்டிவைத்திருக்கும் தார்ப்பட்டை பிரியும். பிரிந்தது தெரியாது, அடுத்த புயல்காற்றில்தான் தெரியும். அப்படி ஏதாவது பிரிந்திருந்தால் கூரைத் தார்ச்சாந்து ஒரு ரூபாய் நாணயம் அளவு அடியில் வைத்து அழுத்திவிடுங்கள்.

விழும் பாசியெல்லாம் கட்டரில்தான் சேரும். அன்றைக்கே அள்ளி, குழாயில் நீர் விட்டு அடைப்பில்லை என்று உறுதி செய்யுங்கள். மருந்து பட்ட பாசியைக் காய்கறிப் பாத்தியின் உரக்குழியில் போடவேண்டாம்.

9. முகட்டில் துத்தநாகப் பட்டை

புகைபோக்கியைச் சுற்றியுள்ள துத்தநாகம் பூசிய தகட்டின் கீழே மட்டும் கூரை பளிச்சென்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழையில் உலோகம் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைந்து வழிந்து பாசியைத் தடுக்கிறது. பட்டை பதிப்பதும் இதே தத்துவம்தான். ஓடையோரம் இல்லாத வீட்டுக்கு இது பொருந்தும்.

சுத்தம் செய்த பிறகே பதிக்க வேண்டும். தடித்த பாசியைப் பட்டை கொல்லாது. முகட்டு மூடி ஷிங்கிளின் கீழ் விளிம்பைப் பதமாகத் தூக்கி, பட்டையின் மேல் ஓரத்தை அதற்கடியில் செருகி, ஆணி மூடிக்கடியில் மறையும்படி அடித்து, ஆணித்தலையில் சீலன்ட் வையுங்கள். வெளியே இரண்டு அங்குல உலோகமாவது மழையில் நனைய வேண்டும். மூடிக்கடியில் முழுதும் ஒளிந்த பட்டையால் பயனில்லை. பட்டையின் வீச்சு சுமார் 15 அடிக்குக் கீழே மங்கிவிடும், நீண்ட சரிவுக்கு நடுவில் இன்னொரு வரிசை தேவை. 50 அடிச் சுருள் 40-லிருந்து 70 டாலர் வரை இருக்கும். செம்புப் பட்டை இன்னும் வலுவானது, ஆனால் செம்பு கரைந்த நீர் அலுமினியக் கட்டரை அரிக்கும். கட்டர் அலுமினியமானால் துத்தநாகத்தோடு நிறுத்துங்கள்.

10. ஆள் வைத்துச் செய்வதானால்

சாதாரண ஒரு மாடி வீட்டுக்கு 400-லிருந்து 1,200 டாலர் வரை கேட்பார்கள், உயரமும் சரிவும் கூடக்கூட ஏறும். மூன்று மதிப்பீடாவது வாங்குங்கள். செப்டம்பரில் எல்லாரும் கூப்பிடுவார்கள், ஆகஸ்டிலேயே தேதி பிடித்துவிடுவது நல்லது.

வாஷிங்டன் மாநிலத்தில் ஒப்பந்ததாரரின் பதிவு, பிணை, காப்பீடு மூன்றையும் தொழிலாளர் துறையான எல் அண்ட் ஐ-யின் இணையத்தளத்தில் பெயரை வைத்தே தேடிப் பார்க்கலாம். ஒரிகனில் அந்த வேலையைச் செய்வது சி.சி.பி. என்னும் கட்டட ஒப்பந்ததாரர் வாரியம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் தொழிலாளர் காப்பீட்டு அமைப்பான வொர்க்சேஃப் பி.சி. தரும் கிளியரன்ஸ் கடிதத்தைக் கேளுங்கள், அது இல்லாத ஆள் உங்கள் கூரையிலிருந்து விழுந்தால் பொறுப்பு உங்கள் தலையில் விழலாம். வாஷிங்டனிலும் ஒரிகனிலும் பாசி மருந்து பூச்சிக்கொல்லிக் கணக்கில் வருவதால், கூலிக்கு அடிப்பவருக்கு மாநில வேளாண் துறையின் உரிமம் தனியாக வேண்டும். ‘கட்டட உரிமம் இருக்கிறது’ என்று மட்டும் சொன்னால் இதையும் கேளுங்கள்.

மதிப்பீட்டில் எழுத்தில் இருக்க வேண்டியவை: பிரஷர் வாஷர் பயன்படுத்த மாட்டோம், எந்த மருந்து, எத்தனை முறை, கட்டர் சுத்தம் சேர்த்தியா, செடி காப்பது யார் பொறுப்பு, பாசி மீதி இருந்தால் திரும்ப வருவார்களா. ‘குறைந்த அழுத்தம்தான்’ என்று வாயால் சொல்பவரிடம், தோட்டக்குழாயின் அழுத்தத்துக்கு மேல் போகாது என்று எழுதித்தரச் சொல்லுங்கள். கதவைத் தட்டி ‘பக்கத்துத் தெருவில் வேலை செய்கிறோம், இன்றைக்கு மட்டும் பாதி விலை’ என்று வருபவர்களிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் கட்டரை எட்டிப் பாருங்கள். பாசி இருக்கலாம். கைப்பிடி கைப்பிடியாகத் துகள் இருந்தால், பணத்தைக் கொடுக்குமுன் படம் எடுத்துக்கொண்டு பேசுங்கள்.

11. திரும்ப வராமல் இருக்க

இந்த ஈரத்தில் ஒரு முறை செய்தால் இரண்டு மூன்று வருஷம் தாங்கும். தாங்கும் காலத்தை நீட்டுவது வெயில்தான். கூரை மேல் தொங்கும் கிளைகளை வெட்டி, ஆறிலிருந்து பத்து அடி இடைவெளி விடுங்கள். கிளை வெட்டுவதற்குப் பொதுவாகத் தடையில்லை. மரத்தையே எடுப்பதானால் உங்கள் நகராட்சியின் மர விதிகளைப் படித்துவிட்டுச் செய்யுங்கள், பல ஊர்களில் அனுமதி இல்லாமல் வெட்டினால் அபராதம் உண்டு.

வருஷத்துக்கு இரண்டு முறை, ஜூனிலும் நவம்பரிலும், இலையை ஊதிவிட்டுக் கட்டரைக் காலி செய்யுங்கள். செப்டம்பரில் வடக்குச் சரிவை ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுங்கள். போன வருஷப் படத்தோடு வைத்துப் பார்த்தால், பிளவுகளில் பச்சைக்கோடு மெல்லியதாகத் தொடங்குவது தெரியும். அந்த நிலையில் ஒரு குடுவை பிளீச்சும் ஒரு காலைப்பொழுதும் போதும். படங்களையும் ரசீதுகளையும் உத்தரவாதப் பத்திரத்தோடு ஒரே கோப்பில் போட்டு வையுங்கள், வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் ஆய்வாளர் முதலில் கேட்பது கூரையின் வயதையும் அந்தக் கோப்பையும்தான்.